தீவில் இறங்காத பணம்

கேமன் தீவுகளின் தலைநகரம் ஜார்ஜ் டவுன். அங்கே அக்லண்ட் ஹவுஸ் என்று ஓர் ஐந்து மாடிக் கட்டடம் இருக்கிறது. 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அதைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அந்த ஒரே முகவரியில் பதிவாகியிருந்த நிறுவனங்கள் 18,857. நிறுவனத்துக்கு ஒரு நாற்காலி போட்டால்கூட இடம் போதாது. நாற்காலிக்கு அவசியமும் இல்லை. அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பது ஒரு சட்ட நிறுவனமும் அதைச் சார்ந்த அலுவலகங்களும்தான். மற்றதெல்லாம் காகிதம்.

அங்கிருந்து ஆங்கிலக் கால்வாய்க்கு வருவோம். ஜெர்சி என்ற தீவு, 118 சதுர கிலோமீட்டர், ஒரு லட்சம் பேர். ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனம் 2017-ல் தொடங்கிய விஷன் ஃபண்டு கிட்டத்தட்ட 10,000 கோடி டாலர் கொண்டது. அதுவரை உலகம் அந்த அளவில் ஒரு தொழில்நுட்ப முதலீட்டு ஃபண்டைப் பார்த்ததில்லை. அது சட்டப்படி ஜெர்சியில் பதிவானது. பணம் போனதோ ஊபர், வீவொர்க் மாதிரி அமெரிக்க நிறுவனங்களுக்கு.

மூன்றாவதாக கரீபியனில் அங்கில்லா. சுமார் 16,000 பேர். நாடுகளுக்கு இரண்டெழுத்து இணையக் குறியீடு ஒதுக்கியபோது இந்தத் தீவுக்கு விழுந்தது டாட் ஏஐ. அன்றைக்கு அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. 2023-ல் செயற்கை நுண்ணறிவு ஸ்டார்ட்அப்புகள் வரிசையில் நின்று அந்த முகவரியை வாங்கியதில் அங்கில்லா அரசுக்குச் சுமார் 3.2 கோடி டாலர் கிடைத்தது. அரசின் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கலிஃபோர்னியாவில் யாரோ ஒருவர் கொடுத்த துணிகர முதலீட்டில் ஒரு துளி இங்கே வந்து விழுகிறது, வீட்டு வாடகை மாதிரி.

ஆக, தீவுகளுக்கும் துணிகர முதலீட்டுக்கும், அதாவது புதிய நிறுவனங்களில் பங்கு வாங்கிப் போடும் வென்ச்சர் கேப்பிடலுக்கும், உறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபண்டுகளின் காகிதங்கள் தீவுகளில்தான் தூங்குகின்றன. ஆனால் அதே தீவில் பிறந்த ஒருவர் தன் ஸ்டார்ட்அப்புக்கு ஐந்து லட்சம் டாலர் தேடினால் கிடைப்பதில்லை. வங்கிக்குப் போனால் நிலப் பத்திரம் கேட்பார்கள். இது எனக்கு ரொம்ப நாளாகப் புரியாத விஷயம். கணக்கு ஒத்துவராத விஷயங்கள் மேல் எனக்கு ஒரு பித்து உண்டு, அதனால் சில வருடங்களாக இதைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். சிறு தீவுகளில் பணப் பஞ்சம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் இருக்கிறது. முயற்சிகளின் எண்ணிக்கை போதவில்லை, போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேற வாசல் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் இன்னொரு ஃபண்டு ஆரம்பித்துத் தீர்க்க முடியாது.

இதை வார்த்தையில் சொல்வதைவிட எண்ணில் பார்ப்பது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்செல்லைத் திறந்து கற்பனையாக ஒரு தீவு ஃபண்டு தொடங்கினேன். அளவு 2 கோடி டாலர், ஆயுள் பத்து வருடம். நிர்வாகக் கட்டணம் வழக்கம்போல ஆண்டுக்கு இரண்டு சதவீதம், அதாவது 4 லட்சம் டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று பேர் சம்பளம், தணிக்கை, வக்கீல், அப்புறம் தீவை விட்டு வெளியே போய் முதலீட்டாளர்களைப் பார்க்க விமானச் செலவு என்று எழுதிக்கொண்டே போனால் கையில் ஒன்றும் நிற்காது. பத்து வருடத்தில் 40 லட்சம் இதற்கே போய்விடும். மிச்சம் 1.6 கோடி. இருபது நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் 8 லட்சம்.

ஃபண்டில் பணம் போட்டவர்கள் எதிர்பார்ப்பது மூன்று மடங்கு, அதாவது 6 கோடி. இருபதில் பத்து மூடிவிடும். இது அவநம்பிக்கை இல்லை, எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஏழு நிறுவனங்கள் போட்ட பணத்தை அப்படியே திருப்பித் தரும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம், அது 56 லட்சம். மீதி 5.44 கோடியை மூன்றே மூன்று நிறுவனங்கள் தூக்க வேண்டும். விற்கும் நேரத்தில் நம் பங்கு 15 சதவீதம் என்றால், அந்த மூன்றும் சேர்ந்து சுமார் 36 கோடி டாலருக்கு விலைபோக வேண்டும். கிரிபாட்டி, பலாவு போன்ற பசிபிக் தீவு நாடுகளின் ஓராண்டு ஜிடிபியைவிட அது அதிகம். இருபது நல்ல நிறுவனங்களைத் தேடிப் பிடிப்பது அதற்கு முந்தைய தலைவலி. சில லட்சம் பேர் இருக்கும் இடத்தில் ஒரு வருடத்துக்கு இரண்டு உருப்படியான நிறுவனம் முளைத்தாலே பெரிய விஷயம்.

ஃபண்டைச் சிறிதாக்கினால் கட்டணம் சம்பளத்துக்கே போதாது. பெரிதாக்கினால் போட இடமில்லை. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்களே, அதுதான் இது. குதிரையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எக்செல்லில் ஏறாத இன்னொரு சிக்கல் இருக்கிறது. துணிகர முதலீட்டின் அடிப்படையே பரவலாகப் போடுவது. ஒன்று விழுந்தால் இன்னொன்று நிற்கும். தீவில் எல்லாம் ஒரே நாளில் விழும். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி கரீபியன் தீவான டொமினிகாவைத் தாக்கியது. சேதமும் இழப்பும் சேர்ந்து அந்த நாட்டின் ஜிடிபியில் 226 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இரண்டு வருட உழைப்பு ஒரே இரவில் போய்விட்டது. 2022 ஜனவரியில் பசிபிக் தீவு நாடான டோங்காவில் எரிமலை வெடித்து, நாட்டை உலகத்தோடு இணைத்த ஒரே கடலடி கேபிள் அறுந்தது. சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் டோங்காவில் ஒரு பணப்பரிமாற்ற ஆப்பும் ஒரு சுற்றுலா முன்பதிவுத் தளமும் நடத்துபவர் எப்படித் தூங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் இரண்டு வெவ்வேறு தொழில்களில் பணம் போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் இரண்டு தடவை போட்டது ஒரே கேபிளின் மேல்தான்.

சரி, ஐஸ்லாந்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் நான் அதிகம் படித்தது அதைப் பற்றித்தான். நாலு லட்சம் பேருக்குக் கொஞ்சம் கீழே. பணக்கார நாடு, ஐரோப்பாவின் ஓரம், டோங்காவோடு ஒப்பிட முடியாது. அதெல்லாம் தெரியும். ஆனால் ஒரு சிறு தீவில் இந்தத் தொழில் எப்படியெல்லாம் கெட்டுப்போகும், எப்படி நிமிரும் என்பதை வரிசையாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் கெட்டுப்போன கதை. 1996-ல் டிகோட் ஜெனடிக்ஸ் என்று ஒரு மரபணு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. பல நூற்றாண்டு வம்சாவளிப் பதிவுகள் வைத்திருக்கும் ஒரு சிறு சமூகத்தின் மரபணுவைப் படித்தால் நோய்களின் வேர் தெரியும் என்பது யோசனை. அமெரிக்கத் துணிகர முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். நாடே பரபரத்தது. பங்குச்சந்தைக்கு வருவதற்கு முன்பே, முறைசாராச் சந்தையில் சாதாரணக் குடும்பங்கள் கடன் வாங்கிக்கூட அதன் பங்கை வாங்கின, பின்னால் சந்தைக்கு வந்த விலையைவிடப் பல மடங்கு கொடுத்தும் வாங்கின. 2000 ஜூலையில் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் வந்தபோது விலை 18 டாலர்தான். இரண்டு வருடத்தில் ஒற்றை இலக்க டாலருக்கு இறங்கியது. 2009-ல் திவால். 2012-ல் அமெரிக்க மருந்து நிறுவனம் ஆம்ஜென் அதை 41.5 கோடி டாலருக்கு வாங்கியது, ஆனால் அந்தப் பணம் பழைய பங்குதாரர்கள் கைக்கு வரவில்லை. அறிவியல் ஜெயித்தது, முதலீடு தோற்றது. பெரிய நாட்டில் இப்படி ஒரு நிறுவனம் விழுந்தால் செய்தித்தாளில் நாலு பத்தி வரும். சின்ன நாட்டில் விழுந்தால் ஒவ்வொரு குடும்பச் சாப்பாட்டு மேசையிலும் ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்.

அதே காலத்தில் வேறொரு வழியில் வளர்ந்தது சிசிபி கேம்ஸ். விண்வெளி ஆன்லைன் ஆட்டம் ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை, பணம் இல்லை. 1998-ல் முதலில் பலகையில் காய் நகர்த்தும் ஒரு விளையாட்டை அச்சடித்து விற்றார்கள். மூன்று லட்சத்துக்குக் கீழே மக்கள் இருந்த நாட்டில் பத்தாயிரம் பெட்டி விற்றது. அதில் வந்த காசுதான் தொடக்கம். பிறகு உள்ளூர்க்காரர்களிடம் கொஞ்சம் திரட்டி 2003-ல் அந்த விண்வெளி ஆட்டத்தை, ஈவ் ஆன்லைன் என்ற பெயரில், வெளியிட்டார்கள். சில வருடங்களில் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை ஐஸ்லாந்தின் மக்கள்தொகையைத் தாண்டியது. 2018-ல் தென்கொரிய கேம் நிறுவனம் பேர்ல் அபிஸ் 42.5 கோடி டாலர் வரை கொடுப்பதாகச் சொல்லி வாங்கியது. அந்தப் பத்தாயிரம் பெட்டிதான் எனக்குப் பிடித்த இடம். உள்ளூர்ச் சந்தை எவ்வளவு பணம் தர முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அதனிடம் கேட்கவில்லை.

அப்புறம் 2008 அக்டோபர். ஒரே வாரத்தில் மூன்று பெரிய வங்கிகளும் சரிந்தன. நவம்பரில் பணம் நாட்டைவிட்டு வெளியேறத் தடை போட்டார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள், பெரும்பாலான கட்டுப்பாடுகளை எடுக்க 2017 மார்ச் வரை ஆனது. இதில் மாட்டிக்கொண்டவை பென்ஷன் ஃபண்டுகள். ஐஸ்லாந்தில் ஓய்வூதியச் சேமிப்பு நாட்டின் ஜிடிபியைவிடப் பெரிது. மாதாமாதம் பணம் வந்துகொண்டே இருக்கிறது, வெளிநாட்டில் புதிதாகப் போட முடியாது, உள்ளூர்ப் பங்குச்சந்தையில் நிறுவனங்கள் சொற்பம். போட இடமில்லாத பணம் கடைசியில் ஸ்டார்ட்அப் பக்கம் திரும்பியது. 2015 வாக்கில் ஃப்ரும்தாக்கின் இரண்டாவது ஃபண்டு, எய்ரிர், ப்ரூன்னூர் என்று மூன்று உள்ளூர்த் துணிகர ஃபண்டுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எழுந்தன. அதற்கு முன் இந்தச் சின்னச் சந்தையில் பணம் போட யோசித்த அறங்காவலர்கள், கதவு பூட்டப்பட்ட பிறகு சம்மதித்தார்கள்.

இதை யாரும் வெற்றி உத்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டை இழந்தவர்கள், கடன் ஏறித் தத்தளித்தவர்கள் தலையில் விழுந்த நெருக்கடியின் பக்கவிளைவு அது. ஆனாலும் அது ஒரு விஷயத்தைக் காட்டிவிட்டது. தீவில் பணம் இருந்தது, எப்போதும் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தது. பல தீவுகளில் இதே நிலைதான். ஃபிஜியின் தேசிய சேமநிதி அந்த நாட்டின் மிகப்பெரிய முதலீட்டாளர். தலைநகர் சுவாவில் இருக்கும் பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனங்கள் சுமார் இருபதுதான். சேமநிதி ஓட்டல் கட்டுகிறது, அரசுப் பத்திரம் வாங்குகிறது. ஓய்வூதியக்காரர்களின் காசை ஸ்டார்ட்அப்பில் கொட்டு என்று நான் சொல்ல மாட்டேன். நூற்றுக்கு ஒன்று போதும். அந்த ஒன்றுக்குக்கூடச் சம்மதம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் விஷயம். நிதியின் நிர்வாகக் குழுவில் இருப்பவர், பணம் கேட்டு வந்த நிறுவனர், அதைக் கண்காணிக்கும் அதிகாரி, மூன்று பேரும் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள். நல்ல திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும் ‘தெரிந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்’ என்ற பேச்சு வரும். அதனால் பேசாமல் பத்திரம் வாங்கிவிடுவார்கள்.

ஐஸ்லாந்துக்கே திரும்புகிறேன், கெரெசிஸ் என்ற நிறுவனத்தைச் சொல்லாமல் விட முடியாது. நாட்டின் வடமேற்கு மூலையில் மலைகளுக்கு நடுவே ஈசாஃப்யோர்தூர் என்ற மீன்பிடி ஊர், மூவாயிரம் பேருக்கும் குறைவு. அங்கே காட் மீனைச் சதை எடுத்த பிறகு மிஞ்சும் தோலை எடுத்து, உயிரணுக்களை நீக்கி, உறையவைத்து உலர்த்துகிறார்கள். ஆறாத புண்ணின் மேல் அதை வைத்தால் உடலின் சொந்த உயிரணுக்கள் அந்தத் தோலின் துளைகளுக்குள் வளர்ந்து புண் மூடுகிறது. பன்றி, மாட்டுத் திசுவில் வைரஸ் பயம் உண்டு, அதனால் கடுமையாகப் பதப்படுத்த வேண்டும், அதில் பாதிக் குணம் போய்விடும். குளிர்க்கடல் மீனிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் வைரஸ் பயம் இல்லை, மென்மையாகச் செய்தால் போதும். தொழில்நுட்பம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. விற்பனை பெரும்பாலும் அமெரிக்காவில். 2023-ல் டென்மார்க்கின் மருத்துவச் சாதன நிறுவனம் கோலோப்ளாஸ்ட் 130 கோடி டாலர் வரை கொடுத்து வாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது, உள்ளூரில் வாடிக்கையாளர் யாரும் தேவைப்படவில்லை. கழிவாகப் போகும் மீன்தோலும் மீனைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவும் மட்டும் உள்ளூர். ஆனால் பல தீவுகளில் ஸ்டார்ட்அப் என்றாலே உள்ளூர் டெலிவரி ஆப், உள்ளூர் டாக்ஸி ஆப் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நல்ல தொழில்கள்தான், நாலு குடும்பம் நன்றாகப் பிழைக்கும். ஆனால் அது துணிகர முதலீட்டுக்கு ஏற்ற உருவம் இல்லை. அதற்குக் கடன்தான் சரி, அல்லது வருமானத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டிய ஆலோசகர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ‘யூனிகார்ன்’, அதாவது நூறு கோடி டாலர் ஸ்டார்ட்அப், என்று சொன்னால்தானே கூட்டத்துக்கு ஆள் வரும்.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் முக்கியம். 2013-ல் குவிஸ்அப் என்ற வினாடிவினா ஆட்டம் ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது, அமெரிக்கத் துணிகர முதலீட்டு நிறுவனம் செக்கோயா பணம் போட்டது. 2016-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சித் திட்டம் ஒன்று கைவிடப்பட்டதும் ரேக்யவிக் அலுவலகத்தை மூடினார்கள். ஆட்டம் அமெரிக்காவின் க்ளூ மொபைலுக்குப் போனது. நிறுவனர் சும்மா இருக்கவில்லை, அடுத்து இன்னொரு கேம் நிறுவனம் தொடங்கினார், அதற்கும் முதலீடு கிடைத்தது. ஒரு தடவை விழுந்தவருக்கு அதே ஊரில் மறுபடி பணம் தர ஆள் இருக்கிறதா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான சோதனை. பல தீவுகளில் முதல் தோல்வியோடு அவர் விமானம் ஏறிவிடுவார்.

வாசல் விஷயத்தில் ஜமைக்கா செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2009 ஏப்ரலில் அங்கே பங்குச்சந்தையில் ஜூனியர் மார்க்கெட் என்று ஒரு தனிப் பிரிவு திறந்தார்கள். சின்ன நிறுவனங்கள் அதில் பட்டியலானால் முதல் ஐந்து வருடம் வருமான வரி இல்லை, அடுத்த ஐந்து வருடம் பாதி. முக்கியமான ஒரு நிபந்தனை, கணக்கு வழக்குகளையும் நிர்வாகத்தையும் ஒழுங்காக நடத்தச் சொல்லித்தர ஒரு வழிகாட்டியை நியமிக்க வேண்டும். பரம்பரை பரம்பரையாகக் குடும்பத்துக்குள்ளேயே இருந்த கணக்குப் புத்தகங்கள் பொதுவெளிக்கு வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலாயின. தொழில்நுட்ப நிறுவனங்கள் குறைவுதான், விநியோகம், உணவு, சிறுகடன் என்று பழைய தொழில்களே அதிகம். குறை சொல்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒருவர் பணம் போட்டால் எந்த வாசல் வழியாக எடுக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது. வாசல் இருந்தால்தான் சொந்தக் காசைத் தொடக்கத்திலேயே போடும் ஏஞ்சல் முதலீட்டாளர் உள்ளே வருவார். பல நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் ஃபண்டு, ஸ்டார்ட்அப்புகளை வளர்க்கும் இன்குபேட்டர், கண்ணாடிக் கட்டடம், அப்புறம்தான் வெளியேறும் வழியைப் பற்றிய யோசனை.

இப்படித் தலைகீழாக ஓடியதற்கு உதாரணம் மால்ட்டா. 2018-ல் மூன்று சட்டங்கள் போட்டு ‘பிளாக்செயின் தீவு’ என்று அறிவித்துக்கொண்டது. கிரிப்டோ நாணயச் சந்தை நடத்தும் பைனான்ஸ் (Binance) நிறுவனம் வருவதாகப் பெரிய அறிவிப்பு. 2020 பிப்ரவரியில் மால்ட்டாவின் நிதி ஒழுங்குமுறை ஆணையமே, அந்த நிறுவனத்துக்கு நாங்கள் அனுமதி எதுவும் தரவில்லை என்று சொன்னது. 2021 ஜூனில் நாடு சர்வதேசப் பணமோசடிக் கண்காணிப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில் வைக்கப்படும் நாடுகளின் பட்டியலில், விழுந்து, ஒரு வருடம் கழித்து வெளியே வந்தது. பெயர்ப்பலகை மட்டும் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

“சிங்கப்பூரும் தீவுதானே?” என்று இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார். ஐ.நா.வின் வளரும் சிறு தீவு நாடுகள் பட்டியலில் சிங்கப்பூரும் இருக்கிறது என்பது வேடிக்கையான உண்மை. 1999-லேயே அரசு 100 கோடி டாலரில் தொழில்முனைவு ஃபண்டு போட்டது. ஆனால் அதன் பலம் தீவில் இல்லை, சுற்றியுள்ள அறுபது கோடிப் பேரில் இருக்கிறது. மலேசியாவில் பிறந்த டாக்ஸி ஆப் நிறுவனம் கிராப் தன் தலைமையகத்தை 2014-ல் அங்கே மாற்றிக்கொண்டது அதனால்தான். பசிபிக்கின் நடுவில் இருக்கும் ஒரு நாட்டுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தை யாரும் சட்டம் போட்டுத் தர முடியாது.

மொரீஷியஸ் கொஞ்சம் வேறு மாதிரி. 1982-ல் இந்தியாவோடு போட்ட வரி ஒப்பந்தத்தால் பல வருடம் இந்தியாவுக்குப் போகும் அந்நிய முதலீட்டின் பெரிய நடைபாதையாக இருந்தது. 2016-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கும் பங்குகளுக்கு இந்தியா மூலதன ஆதாய வரி போட ஆரம்பித்தது. நடைபாதைக் காசு நிரந்தரம் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த முப்பது வருடத்தில் அங்கே கணக்காளர்கள், வக்கீல்கள், ஃபண்டு நிர்வாகிகள் என்று ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் முதலீடு செய்யும் பல ஃபண்டுகளின் காகித வேலை அவர்கள் கையில். அடுத்தவர் முதலீட்டைப் பதிவுசெய்துகொண்டிருந்தவர்களில் சிலர் தாங்களே முதலீடு செய்ய ஆரம்பிப்பார்களா என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. அதற்கான கல்வி அவர்களுக்குத் தானாகவே கிடைத்துவிட்டது.

இன்னும் திறக்காத பெட்டி ஒன்று உண்டு. வெளிநாட்டில் வாழும் தீவுக்காரர்கள். டோங்காவுக்கு வெளியிலிருந்து உறவினர்கள் அனுப்பும் பணம் ஜிடிபியில் 40 சதவீதத்துக்கும் மேல். அது சாப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் தேவாலயத்துக்கும் போகிறது, போகட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் ஒரு டோங்காக்காரருக்குத் தன் ஊர் நிறுவனத்தில் ஆயிரம் டாலர் போட நம்பிக்கையான, முறையான வழி ஒன்று இருந்தால், அவர் பத்து வருடத்தில் மூன்று மடங்கு கேட்க மாட்டார். அவர் பொறுமையே வேறு வகை.

பொறுமை என்றதும் அந்த எக்செல் ஞாபகம் வந்து மறுபடி திறந்தேன். ஆயுளை பத்திலிருந்து இருபது வருடமாக மாற்றிப் பார்த்தேன். நிறுவனங்களுக்கு வளர நேரம் கிடைக்கிறது, சூறாவளி அடித்தாலும் எழ அவகாசம் இருக்கிறது. ஆனால் நிர்வாகக் கட்டணம் 80 லட்சமாகிவிட்டது, இரண்டு கோடியில் நாற்பது சதவீதம். மூன்று மடங்கு லாபமும் இருபது வருடத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம் சொச்சம்தான். பல நாடுகளில் அரசுப் பத்திரமே கிட்டத்தட்ட அதைத் தருகிறது. கட்டணத்தை அரை சதவீதமாகக் குறைத்தேன், கணக்கு ஓரளவு நிமிர்ந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர். அந்தச் சம்பளத்துக்கு இருபது வருடம் ஒரே தீவில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய யார் வருவார்? தாளில் ‘நிர்வாகி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.